ஆம்பளை வேலை, பொம்பளை வேலை: கோடு எப்படி நகர்கிறது?

காவிரிப் படுகையில் சில ஆண்டுகளாக நடவுக் காலத்தில் புதிதாக ஒரு காட்சி. சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்பவர்கள், புடவைக்கு மேல் ஆண் சட்டை மாட்டிய உள்ளூர்ப் பெண்கள் இல்லை. லுங்கியைத் தூக்கிக் கட்டிய வங்காள இளைஞர்கள். மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். நாற்று பறிப்பது, அதை முடி என்ற சிறு கட்டுகளாகக் கட்டித் தூக்கிப் போடுவது, நட்டு முடிப்பது எல்லாமே அவர்கள் பொறுப்பு. பேசின நிலம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

ஆள் பற்றாக்குறை, வடமாநிலத் தொழிலாளர் வருகை என்று இதைப் பற்றிச் செய்திகள் வந்துவிட்டன. ஆனால் இதில் இன்னொன்று நடந்திருப்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நடவு பெண்கள் வேலை என்பது தஞ்சைத் தரணியில் தலைமுறை தலைமுறையாக யாரும் கேள்வி கேட்காத ஏற்பாடு. உழவு, பரம்படித்து வயலைச் சமன் செய்வது, அண்டை வெட்டி வரப்பைச் சீராக்குவது, நாற்று பறிப்பது ஆணுக்கு. நடவும் களையும் பெண்ணுக்கு. காரணம் கேட்டால் பெண்ணுக்குத்தான் இடுப்பு வளையும் என்பார்கள், பொறுமை வேண்டும் என்பார்கள், கைராசி என்பார்கள். வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆணும் நடவு வரிசையில் இறங்க மாட்டார். கேலி செய்துவிடுவார்கள். இப்போது நாள் முழுக்க ஆண்கள் குனிந்து நடுகிறார்கள். வரப்பில் நிற்கும் வயல்காரருக்கு அது விசித்திரமாகவே தெரியவில்லை. இடுப்பும் பொறுமையும் கைராசியும் என்ன ஆயின?

ஆண், பெண் பங்குகள் மாறுவதைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக மனநிலையில் தொடங்குவோம்: படிப்பு வந்தது, விழிப்புணர்வு வந்தது, காலம் மாறியது. அதெல்லாம் இருக்கட்டும். ஒரு வேலை ஆண் கையிலிருந்து பெண் கைக்கோ, பெண் கையிலிருந்து ஆண் கைக்கோ மாறிய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் முதலில் மாறியிருப்பது கூலியோ, கருவியோ, வேலை நேரமோதான். 'இது அவர்களுக்கே உரிய வேலை' என்ற விளக்கம் அதற்கப்புறம்தான் வந்து சேர்கிறது.

நடவையே எடுத்துக்கொள்வோம். உள்ளூர்ப் பெண்களுக்கு அது நாள் கூலி. அதே ஊரில் ஆணுக்குக் கிடைக்கும் நாள் கூலியைவிடக் குறைவு. வங்காளக் குழுவுக்கு அது ஏக்கர் கணக்கு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேகமாக நட்டால் தலைக்குக் கிடைக்கும் தொகை கூடும். மேற்கு வங்கத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடுவது வழக்கம் என்பதால் அவர்களுக்கு அதில் கூச்சமும் கிடையாது. இந்தப் பக்கம், நடவுக்குக் குனிந்து பழகிய பெண்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய மகள்கள் கல்லூரிக்கோ கம்பெனிக்கோ போய்விட்டார்கள். 2006இல் தொடங்கிய நூறு நாள் வேலை, சட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தந்தது. ஆண்களுக்குக் கட்டட வேலையில் அதைவிட அதிகம் கிடைத்ததால் அவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்தின் வேலை நாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையது. மண் வெட்டுவது ஆண் வேலை, கூடை சுமப்பது பெண் வேலை என்பது பழைய பிரிவினை. நூறு நாள் வேலையில் பெண்களே வெட்டி, பெண்களே சுமந்தார்கள். ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நிற்கும் பாட்டியைப் பார்த்து இன்று யாரும் வியப்பதில்லை.

இங்கே சட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஒரே வேலைக்கு, அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்றது. ஆனால் உழவும் நடவும் ஒரே வேலை இல்லையே! அண்டை வெட்டுவதும் களை எடுப்பதும் ஒன்றா? வேலையைப் பிரித்து வைத்துவிட்டால் கூலியைப் பிரிக்கச் சட்டம் தடையாக இருக்காது. ஊருக்கு ஊர் 'ஆம்பளை ஆள்', 'பொம்பளை ஆள்' என்று இரண்டு கூலி இன்னும் நிற்பது இப்படித்தான். பண்பாடு என்று நாம் நினைப்பதில் கணக்குப்பிள்ளைத்தனமும் நிறைய இருக்கிறது.

கருவி வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் களையெடுப்பு நல்ல உதாரணம். 2000களில் செம்மை நெல் சாகுபடி என்று ஒரு முறையை வேளாண் துறை பரப்பியது. வழக்கமாக 25 நாளுக்கு மேல் வளர்ந்த நாற்றைக் கொத்தாக நடுவார்கள். இதில் 14, 15 நாள் நாற்றை ஒற்றையாக, சதுரக் கட்டம் போட்டு, தள்ளித் தள்ளி நட வேண்டும். இடைவெளி இருப்பதால் களையைக் கையால் பிடுங்க வேண்டாம். கோனோ வீடர் என்ற உருளைக் கருவியைப் பிடித்து நின்றபடி தள்ளிக்கொண்டு போகலாம். களை மண்ணுக்குள் அமுங்கி உரமாகிவிடும். நாள் பூராவும் குனிந்து முதுகு ஒடிந்த பெண்களுக்கு இது விடுதலையாக இருந்திருக்க வேண்டும். பல ஊர்களில் நடந்தது வேறு. கருவி வந்ததும் தள்ளுவதற்கு ஆண்கள் வந்தார்கள். கருவி கனம், சேற்றில் தள்ள வலு வேண்டும் என்றார்கள். அது ஓரளவு உண்மைதான். ஆனால் பெண்ணின் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்ற கைப்பிடியோடு கருவியை முதலிலேயே செய்திருக்கலாம் என்பதும் உண்மை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் இதே வழியில்தான் வந்தன. கையால் செய்யும்வரை பெண்ணிடம் இருந்த வேலை, இருக்கை வைத்த வண்டியானதும் ஆணிடம் போய்விட்டது.

டென்மார்க்கில் பிறந்த பொருளாதார அறிஞர் எஸ்டர் போஸரப் 1970இல் இதை உலக அளவில் வைத்துப் பேசினார். கைக்கொத்தால் பயிர் செய்த ஆப்பிரிக்கச் சமூகங்களில் விவசாயம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. மாடு பூட்டிய ஏர் வந்த ஆசியப் பகுதிகளில் அது ஆண்கள் கைக்குப் போனது என்பது அவர் வாதம். நம் ஊர்களில் பெண் ஏர் பிடிக்கக் கூடாது, பிடித்தால் மழை பெய்யாது என்றெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. ஏருக்கு அந்தக் காவல் தேவைப்பட்டிருக்கிறது. நடவு நாற்றுக்கு அப்படி ஒரு தடையும் போட வேண்டியிருக்கவில்லை.

எதிர்த் திசையில் நகர்ந்த கதைக்குத் திருப்பூர் போக வேண்டும்.

1970களில் திருப்பூர் என்றால் உள்நாட்டுச் சந்தைக்கான பனியன், ஜட்டி. ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்களில் உட்கார்ந்து தைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடிக்கும் 'கைமடி' வேலைக்குச் சிறுவர்களும் பெண்களும். டெய்லர் என்றால் ஊரில் மரியாதை. சங்கம் உண்டு, கூலி உயர்வுக்குப் போராட்டம் உண்டு. 1980களின் நடுவிலிருந்து ஏற்றுமதி ஆர்டர்கள் பெருகின. ஷிப்மென்ட் தேதிக்குள் சரக்குப் போயாக வேண்டும். ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். கூலி கட்டுக்குள் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் லைன் போட்டு, ஒரு சட்டையின் தையலைப் பல துண்டாக உடைத்து, ஆளுக்கு ஒரு தையல் என்று பிரித்தன. முழுச் சட்டையும் தைக்கத் தெரிந்த டெய்லர் இனி தேவையில்லை. ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் போட்டால் போதும். கைமடியாக நின்ற பெண்கள் மெஷினுக்கு நகர்ந்தார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து இன்னும் பலர் வேனில் வந்து இறங்கினார்கள். இன்று ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குள் போனால் தையல் லைனிலும் செக்கிங்கிலும் பிசிறு வெட்டும் மேசையிலும் பெண்கள் நிறைந்திருப்பார்கள். கட்டிங் மாஸ்டரும் அயர்ன் மாஸ்டரும் மட்டும் பெரும்பாலும் ஆண்கள்தான். மாஸ்டர் என்று பெயர் உள்ள இடங்களில் ஆண் நிற்கிறார்.

பெண்களுக்கு இதனால் எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். வாரச் சம்பளம் கைக்கு வந்தது. வயலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நிலை போய், பிஎஃப் பிடித்த சம்பளச் சீட்டு வந்தது. தங்கையைப் படிக்கவைத்தவர்கள், குடிகாரக் கணவனை விட்டு வெளியேறியவர்கள், சீட்டுப் போட்டு இடம் வாங்கியவர்கள் எல்லாம் அந்த லைனில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணின் வேலை பெண்ணுக்கு வரும்போது விலை குறைந்துதான் வருகிறது. அப்படி வந்தாலும், பெண் அதுவரை செய்துகொண்டிருந்த வேலையைவிட அது மேலாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் திருப்பூர் புரியாது.

'பெண்களின் விரல் மென்மையானது, நுணுக்கமான வேலைக்கு ஏற்றது' என்ற பேச்சு இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் ஆலைகளிலும் இதே பேச்சு. இந்திய ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20ஆம் ஆண்டின் தொழில்துறை ஆய்வு சொன்னது. இத்தனை பேரும் விரல் நுணுக்கத்துக்காகத்தான் எடுக்கப்பட்டார்கள் என்றால், கோயம்புத்தூரில் தங்க நகைப் பட்டறைகளில் ஏன் ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள்? மயிரிழைக் கம்பியை வளைத்துப் பற்றவைக்கும் வேலை அது. அதைவிட நுணுக்கம் வேண்டிய வேலையை நான் பார்த்ததில்லை. அங்கே மட்டும் மென்விரல் தேவைப்படவில்லை.

நூற்பாலைகளின் கதையில் சட்டமே நடுவில் வந்து நிற்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களைக் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே வேலை வாங்கலாம் என்றது. நோக்கம் பாதுகாப்பு. மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில் விளைவு வேறு மாதிரி ஆனது. இரவில் வர முடியாத ஆளை, அதுவும் பிரசவ விடுப்பும் கொடுக்க வேண்டிய ஆளை, எதற்கு எடுக்க வேண்டும் என்று நிர்வாகங்கள் கணக்குப் போட்டன. மில் வேலை என்பது நிரந்தரம், போனஸ், சங்கம் எல்லாம் உள்ள ஆண் வேலையானது. பெண் கொடுக்க முந்திக்கொண்டு வருவார்கள், மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை என்றால். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவுத் தடையை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. சமத்துவத்தின் பக்கம் நிற்கும் தீர்ப்பு, சந்தேகமில்லை.

ஆனால் அது வந்த நேரத்தில் மில்கள் ஏற்கெனவே வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. நிரந்தரத் தொழிலாளிகள் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். அந்த இடத்துக்கு, ஆலை வளாக விடுதியில் தங்கவைக்கப்பட்ட திருமணமாகாத பெண்கள் வந்தார்கள். மூன்று ஆண்டு வேலை, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர். ஊரில் 'கேம்ப் கூலி' என்றார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் மொத்தத் தொகை கிடைக்காமல் போன புகார்கள் ஏராளம். ஒரே ஸ்பின்னிங் ஃபிரேம், ஒரே அறுந்த நூல், ஒரே முடிச்சு. ஆண் அதைச் செய்தபோது நிரந்தர வேலை. பெண் செய்தபோது கல்யாணத்துக்கு முந்திய தற்காலிக ஏற்பாடு.

கைத்தறி இன்னும் வேடிக்கை. காஞ்சிபுரத்தில் தறியில் உட்காருபவர் நெசவாளர், பெரும்பாலும் ஆண். தார் (குறுக்கு நூல்) சுற்றுவது, பாவு (நெடுக்கு நூல்) போடுவதற்குக் கைகொடுப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள். அதற்குத் தனிக் கூலி கிடையாது. அசாமுக்குப் போனால் தறி பெண்ணுடையது. நெய்யத் தெரியாத பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று சொல்லும் அளவுக்கு. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்று வந்ததற்கு அசாமும் மற்ற வடகிழக்கு மாநிலங்களும்தான் முக்கியக் காரணம். அங்கே பெரும்பகுதி வீட்டுத் தேவைக்கும் சிறு விற்பனைக்கும் நெய்தார்கள். இங்கே பட்டு வியாபாரத்துக்கு நெய்தார்கள்.

சமையல் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வீட்டில் சமைப்பது பெண். கல்யாணத்துக்குச் சமைப்பவர் ஆண், கோயில் மடப்பள்ளியில் ஆண், பரோட்டா மாஸ்டர் ஆண், டீ மாஸ்டர் ஆண். நூறு பேருக்கு மேல் என்றால் அண்டாவைப் பெண்ணால் தூக்க முடியாது என்பது வழக்கமான விளக்கம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊர் ஊராகச் சமையலரும் உதவியாளரும் தேவைப்பட்டார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்து எடுத்தார்கள். நூறு, இருநூறு பிள்ளைகளுக்கான சோற்றை வடித்து இறக்கியவர்கள் அந்தப் பெண்கள்தான். அண்டா கனக்கிறது என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபம் வந்ததெல்லாம் சமைப்பவர் தலித் பெண்ணாக இருந்தபோதுதான். சம்பளம் தொகுப்பூதியமாகத் தொடங்கியது. காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் சாலை மறியல் செய்வதும் கைதாவதும் இன்றுவரை வழக்கமான செய்தி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் மகளிர் குழுப் பெண்களே சமைக்கிறார்கள். கல்யாண காண்ட்ராக்ட் பேசும் சமையல் மாஸ்டரின் ஒரு நாள் வரும்படியை இவர்களுடைய மாத ஊதியத்தோடு ஒப்பிட்டால் அண்டா யாரால் தூக்க முடியும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான விசித்திரமும் இல்லை. அமெரிக்காவில் 1940களில் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு முதலில் நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள். வன்பொருள் செய்வதுதான் ஆண்களின் பெரிய வேலை, நிரல் எழுதுவது குமாஸ்தா வேலை என்று நினைத்த காலம். அந்த வேலைக்கு மதிப்பும் சம்பளமும் ஏறியதும் ஆட்கள் மாறினார்கள். 1984 வாக்கில் அங்கே கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். 2010களில் அது பாதியாகச் சரிந்திருந்தது. நம் ஊரிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பெண்களுக்கு ஏற்ற படிப்பு, ஏசி அறை வேலை என்று பெற்றோரே சேர்த்துவிடுகிறார்கள். மூளை அங்கும் இங்கும் ஒன்றுதான்.

கூலியே இல்லாத வேலை என்ன ஆகிறது? அது நகர்வதே இல்லை. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். செய்தவர்களில் பெண்கள் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடமானது. சரி, குறைகிறதே என்று பார்த்தால் ஆண்களின் நேரமும் 88 நிமிடமாக இறங்கியிருந்தது. பெண்ணின் சுமையைக் குறைத்ததில் ஆணைவிட மிக்சிக்கும் கேஸ் அடுப்புக்கும் குழாய்த் தண்ணீருக்கும்தான் பங்கு அதிகம் போலிருக்கிறது. வயலிலும் மில்லிலும் கோடு நகர்ந்ததற்கு ஒரு முதலாளியோ சந்தையோ காரணமாக இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் யாருக்கும் லாபம் இல்லை.

அதனால்தான் அந்த வேலைக்கு விலை வைக்கும் முயற்சிகள் கவனிக்க வேண்டியவை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. விடுமுறை இல்லாமல் மனைவி உழைத்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது தீர்ப்பின் தர்க்கம். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இலவசம் என்று சொல்லிவிடாமல் உரிமை என்று சொன்னதில் ஓர் அங்கீகாரம் இருக்கிறது. கூடவே, குடும்பத் தலைவி என்ற பெயரில் பணம் வருவதால், வீட்டு வேலை அவருடையதே என்ற முத்திரையும் சேர்ந்து விழுகிறது. என் கணக்கில் அந்த 1,000 ரூபாய் வேண்டும்தான். அடுப்படியில் ஆள் மாற்ற அது போதாது.

கருவியைப் பெண் கையில் முதலிலேயே கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றும் இப்போது நடக்கிறது. 2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்குவது இலக்கு. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மருந்து அடிப்பது இதுவரை முதுகில் டேங்க் கட்டிய ஆணின் வேலை. ஒரு ஏக்கரைச் சில நிமிடங்களில் முடிக்கும் ட்ரோன் அதைப் பெண்ணுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய பெண்கள் வரப்பில் ரிமோட்டோடு நிற்கும் படங்கள் வருகின்றன. மானியத்துக்காக மனைவி பெயரில் டிராக்டர் வாங்கிய ஊர் இது, தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவரும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்ட ஊராட்சி அலுவலகங்களும் இங்கே உண்டு. ரிமோட் யார் கையில் இருக்கிறது, ஏக்கர் வாடகையை யார் வாங்கிப் பையில் வைக்கிறார்கள் என்பதை இரண்டு போகம் கழித்துப் போய்த்தான் பார்க்க வேண்டும்.